ஏழாவது மாடியில் நாலு பாத்ரூம்

அடுத்தவர் வாயில் வார்த்தையை வைப்பதுதான் என் பிழைப்பு. கோயம்புத்தூரில் மேடைக்குப் பஞ்சமே கிடையாது. சங்கம், கிளப், பள்ளி ஆண்டு விழா, புதுக் கடைத் திறப்பு என்று எங்கே திரும்பினாலும் ஒரு மைக்கும் ஒரு பொன்னாடையும் தயாராக இருக்கும். மேடையில் ஏறி நிற்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். ஏறியபின் என்ன பேசுவது என்பதில்தான் சிக்கல். அந்தச் சிக்கலில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. பாராட்டுரை, வரவேற்புரை, நன்றியுரை, எது வேண்டுமானாலும் எழுதித் தருவேன். வாழ்நாளில் ஒரு வகுப்பறையில்கூடப் பாடம் நடத்தியதில்லை என்றாலும் ஊரில் எல்லோருக்கும் நான் டீச்சர். தமிழ் எழுதத் தெரிந்த பெண்ணுக்கு இங்கே வேறு பெயர் வைக்கத் தெரியாது.

அப்படித்தான் அவிநாசி ரோட்டை ஒட்டிய ஒரு அடுக்குமாடியின் ஏழாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்காரருக்கு பம்ப்செட் கம்பெனி. ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பும் உண்டு. ஜில்லா முழுக்கத் தண்ணீரை மேலே ஏற்றிக் கொடுக்கிற குடும்பம். வீட்டம்மாவை மகளிர் சங்கத்தில் அந்த வருடம் தலைவியாக்கியிருந்தார்கள். சங்கத்துக் கிளைகளெல்லாம் ஒன்றுகூடும் விழாவில் ஒவ்வொரு தலைவியும் ஒரு தலைப்பில் பேச வேண்டும். தலைப்பைச் சீட்டுக் குலுக்கி எடுத்திருக்கிறார்கள். இந்தம்மாவின் மனதில் இருந்தது சிறுதானியச் சமையல். கைக்கு வந்ததோ, 'மனிதரை மனிதராக மதிக்காததால் விளைந்த கேடுகள்: வரலாற்றிலும் இலக்கியத்திலும் சமூகத்திலும்'.

"இதுல நான் என்னத்தைங்க பேசறது?" என்று போனில் கேட்டபோது குரல் கொஞ்சம் அழுவதுபோலவே இருந்தது. "கம்பு, சோளம்னா நானே பேசிப்போடுவனுங்க."

மதியத்துக்கு மேல் போனால் சாயங்காலம் வரை அங்கே வேலை. கொங்கு நாட்டு வீட்டுக்குள் நுழைந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, முதலில் தண்ணீர் வரும். செருப்பைக் கழற்றி நிமிர்வதற்குள் சொம்பு முகத்துக்கு நேராக நிற்கும். குடித்து முடித்தால்தான் வந்த காரியம் என்னவென்று கேட்பார்கள். சமையல் கேஸ் போடுகிறவருக்கும் உண்டு, கூரியர்க்காரருக்கும் உண்டு. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான், முகம் வாடிவிடும். "ஏனுங்க, எங்க ஊட்டுத் தண்ணி ஆகாதுங்களா?" என்பார்கள். இதைக் கேட்டபிறகும் குடிக்காமலிருக்கக் கல்நெஞ்சம் வேண்டும்.

அந்த வீட்டில் தண்ணீருக்குப் பிறகு காப்பி, காப்பிக்குப் பிறகு மோர், மோருக்குப் பிறகு தோப்பிலிருந்து வந்த இளநீர். ஐம்பதைத் தாண்டிய உடம்பு எனக்கு. ஒரு பத்தி எழுதுவதற்குள் இரண்டு தரம் எழுந்திருக்க வேண்டியிருக்கும். நல்லவேளையாக அந்த வீட்டில் நாலு பாத்ரூம். ஹாலை ஒட்டியிருந்ததை ஒரம்பரைக்கு, அதாவது வருகிற விருந்தாளிகளுக்கு, என்று வைத்திருந்தார்கள். பளிங்கு மாதிரித் தரை, ஒரு கிண்ணத்தில் காய்ந்த பூ, மடித்த துண்டு. எங்கள் வீட்டு ஹாலைவிட அது அழகாக இருந்தது என்பதை நான் ஒளிக்கப் போவதில்லை.

பேச்சு நன்றாகவே வளர்ந்தது. கப்பலின் அடித்தளத்தில் மனிதர்களைச் சங்கிலி போட்டு மூட்டை மாதிரி அடுக்கிக்கொண்டு போனதைச் சொன்னேன். கையில் நம்பரைப் பச்சை குத்தி, பெயரைப் பிடுங்கிக்கொண்டு, முகாமில் அடைத்ததைச் சொன்னேன். நமக்கு எதிரே தெரிகிற மலைகளிலேயே, ஆசை வார்த்தை சொல்லி ஏற்றிப்போய்த் தேயிலைத் தோட்டங்களில் விடப்பட்ட குடும்பங்களைச் சொன்னேன். அந்தம்மா நிஜமாகவே அழுதார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்படிச் செஞ்சவங்கெல்லாம் மனுசங்களாங்க? மிருகமுங்க, மிருகம்," என்றார். எதிராளியை மிருகம் என்று நினைத்துத்தான் அவர்களும் செய்தார்கள் என்று சொல்ல நினைத்தேன். அழுகிற மனுஷியிடம் வாதம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இலக்கியத்துக்கு வந்தபோது எனக்கே பிடித்த ஒரு விஷயத்தை எழுதினேன். பெரிய வீட்டைப் பற்றிய கதைகளில் 'காப்பி வந்தது' என்று ஒரு வரி இருக்கும். காப்பிக்குக் கால் முளைத்த மாதிரி அதுவாக வரும். கொண்டுவந்தவர் வரமாட்டார். அவருக்கு முகம் கிடையாது, பெயர் கிடையாது, அன்றைக்குத் தலைவலி இருந்ததா என்பதும் கிடையாது. இதை வாசித்துக் காட்டியதும் அந்தம்மா, "நெம்ப நல்லாருக்குதுங்க டீச்சர். நான் இதை இப்படி நெனைச்சுப் பார்த்ததே இல்லீங்க," என்று கையைத் தட்டினார்.

அப்போது காப்பி வந்தது.

கொண்டுவந்தவர் அந்த வீட்டுச் சமையல்காரம்மா. சத்தியமங்கலத்துக்காரர், வீட்டம்மாவைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன். வீட்டம்மாவும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். வார்த்தையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. "அக்கா, அந்தக் குக்கரைச் சித்தெ எறக்கி வைக்கறீங்களா?" என்று, கலெக்டரிடம் பேசுவதுபோலத்தான் பேசுவார். காலையில் வந்தால் இருட்டுக் கட்டும்வரை அக்காவுக்கு அங்கேதான் வேலை. மூன்று வேளையும் சமையல், நடுவில் எங்களுடைய மோரும் முறுக்கும்.

அன்றைக்கு டம்ளரை எடுத்துக்கொண்ட வீட்டம்மா, "அக்கா, நீங்க தண்ணி குடிச்சீங்களா? காலைல இருந்து அடுப்புக்கிட்டயே நிக்கறீங்க," என்று கேட்டார்.

"தாகமில்லீங்க அம்மணி."

"பாருங்க டீச்சர். எப்பக் கேட்டாலும் இதையேதானுங்க சொல்றாங்க. என்ர கையாலயே சொம்புல கொண்டுபோய்க் குடுத்தாலும் ஒரு வாய் நனைச்சுட்டு வெச்சர்றாங்க. மோரு குடுத்தாலும் அப்படித்தான். எனக்கு மனசே ஆறறதில்லீங்க." உண்மையிலேயே வருத்தப்பட்டார். பிறகு அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "டீச்சர், இதைப் பேச்சுல சேர்த்துக்கலாமுங்களா? அந்தக் காலத்துல தண்ணி குடுக்காத ஊடுக இருந்துச்சு, கையில ஊத்துன ஊடுக இருந்துச்சு. இன்னைக்கு எங்க ஊட்டுல நாங்க குடிக்கற டம்ளர்லயே குடுக்கறோம், அவங்கதான் கூச்சப்பட்டுட்டு வாங்கறதில்லைன்னு. அந்தக் கூச்சத்தை நாமதான் போக்கோணும்னு முடிச்சா எப்படீங்க இருக்கும்?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. எழுதிக் கொடுத்தேன். சமூகம் என்ற பகுதிக்கு ஒரு சொந்த அனுபவம் தேவைப்பட்டது, அது தானாக வந்து மடியில் விழுந்தது. எழுதும் தொழிலில் இப்படி விழுவதை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

இரண்டொரு நாள் கழித்து, இருட்டுகிற நேரத்தில் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். என் வீடு குளத்துப் பக்கம். அதே பஸ்ஸின் முன்வாசலில் அக்கா இறங்கினார். அவரும் சிங்காநல்லூரில்தான் குடியிருந்தார் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. கூப்பிட்டேன், திரும்பவில்லை. மூட்டை முடிச்சுகளை இடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், ஓட்டமும் நடையுமாகக் கட்டணக் கழிப்பறைக்குள் போனார். அந்த இடத்தின் வாசனை பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே வரை வரும். நான் வேறு வழியில்லாமல் ஒரே ஒருதரம் உள்ளே போய், மூச்சை அடக்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறேன். அக்கா வெளியே வந்தபோது முகமே வேறாக இருந்தது. பக்கத்துப் பெட்டிக்கடையில் பையிலிருந்த பாட்டிலை நிரப்பச் சொல்லி, நின்ற இடத்திலேயே அண்ணாந்து கடகடவென்று முழுவதையும் குடித்தார். மறுபடி நிரப்பிப் பாதியைக் குடித்தார். தாகமில்லாத ஒருவர் அப்படிக் குடிப்பதில்லை.

அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார். சிரித்தார். பயந்துபோன சிரிப்பு.

"அக்கா, என்னங்க இது?" என்றேன். எனக்குப் புரியத் தொடங்கியிருந்தது, புரிய வேண்டாம் என்றும் இருந்தது.

பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வீட்டம்மா மரியாதையாகச் சொல்லிவிட்டாராம், உங்களுக்குப் பாத்ரூம் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் இருக்கிறது, சாவியை வாட்ச்மேனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று. அதில் தாழ்ப்பாள் சரியாக விழாது. வாசலில் எந்நேரமும் டிரைவர்கள் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் சாவியைக் கேட்டு வாங்க வேண்டும்.

"ஒருக்கா போய்க் கேட்டனுங்க. சாவியக் கையில குடுத்துட்டு ஒருத்தன் சிரிச்சானுங்க. பொறவு போகல. அடுப்புல ஒண்ண வெச்சுட்டு ஏழு மாடி எறங்கி ஏறறதுக்குள்ள அடிப்புடிச்சும் போயிருதுங்க. அதனால காலைல ஊட்டுல போயிட்டு வந்தா, பொழுதுசாய இங்க வந்துதானுங்க. தண்ணி குடிச்சாத்தானே தொந்தரவு?"

அவருக்குச் சிறுநீரகத்தில் கல். இரண்டு தடவை வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். காய்ச்சலும் நீர்க்கடுப்பும் வந்து வந்து போகின்றன. நாள் முழுவதும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிட்னியே போய்விடும் என்று டாக்டர் கோபித்துக்கொண்டாராம்.

"கேக்க வேண்டியதுதானுங்களே? நாலு இருக்குதல்ல அங்க?"

"எனக்கு முன்னாடி இருந்தவங்க கேட்டுப்போட்டாங்களாமா. அம்மணி ஒண்ணுமே சொல்லலியாமா. அடுத்த மாசம் புதுச் சேலை எடுத்துக் குடுத்து, 'உங்களுக்கு ஏழு மாடி செரமமுங்க்கா, பக்கத்துல ஏதாச்சும் பாத்துக்கங்க'ன்னு நெம்ப மரியாதையா அனுப்பிச்சுப்போட்டாங்களாமா." பாட்டிலை மூடினார். "எம்புள்ள நர்சிங் படிக்குதுங்க. அது முடிச்சு வர்ற வரைக்கும் எனக்கு இந்த வேலை வேணும். நீங்க எதும் சொல்லிப்போடாதீங்க டீச்சர். எனக்குச் சேலை வேண்டாமுங்க."

அன்றிரவு எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. யார் மேல் என்றும் தெரியவில்லை. அந்த வீட்டில் ஒருவர்கூட அக்காவை வெறுக்கவில்லை. ஒரு கடுஞ்சொல் கிடையாது. அவருக்கு வயிறு இருக்கிறது என்பது அவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, தட்டு நிறையச் சோறு போட்டார்கள். தாகம் இருக்கும் என்பதும் ஞாபகம் இருந்தது. உள்ளே போன தண்ணீர் வெளியே வந்தாக வேண்டும் என்கிற, பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி மட்டும் அக்கா விஷயத்தில் மறந்து போயிருந்தது. நாங்கள் இருவரும் வாரக்கணக்கில் தேடி எழுதிய கப்பலும் முகாமும் இப்படித்தான் தொடங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. முதலில் யாரும் சவுக்கை எடுத்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு நம்மைப்போல இல்லை, தாங்கிக்கொள்வார்கள் என்று யாரோ ஒருவர் மரியாதையாகச் சொல்லியிருப்பார்.

அடுத்த முறை போனபோது வீட்டம்மா வாசலிலேயே சொம்போடு நின்றார்.

"வேண்டாமுங்க," என்றேன்.

அவருக்குக் காது கேட்டதா என்றே சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது. "என்னங்க?"

"தண்ணி வேண்டாமுங்க. காப்பியும் வேண்டாம், மோரும் வேண்டாம்."

முகம் வாடியது. எதிர்பார்த்த கேள்வி வந்தது. "ஏனுங்க, எங்க ஊட்டுத் தண்ணி ஆகாதுங்களா?"

"நெம்ப நல்ல தண்ணிங்க. ஆனா குடிச்சா எந்திரிக்கோணும். கீழ கார் நிறுத்தற இடம் வரைக்கும் எறங்கிப் போய், வாட்ச்மேன்கிட்டச் சாவி கேட்டு, டிரைவருங்க முன்னாடி நிக்க என்னால ஆகாதுங்க."

அவர் சிரித்தார். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். "நீங்க எதுக்குங்க கீழ போறீங்க? இந்தா இங்கதான இருக்குது!"

"அதைத்தானுங்க நானும் கேக்கறேன்," என்றேன்.

சிரிப்பு முகத்தில் நின்றபடியே இருந்தது, உள்ளே ஆள் இல்லை. சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஒருதரம் அந்தப் பக்கம் பார்த்தார், ஒருதரம் ஒரம்பரை பாத்ரூம் கதவைப் பார்த்தார். பிறகு சொம்பை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். மாமியார் இருந்த காலத்திலிருந்து அப்படித்தானாம். அடுக்குமாடிச் சங்கத்தில் முடிவு செய்து கீழே கட்டினார்களாம். வீட்டுக்காரருக்குப் பிடிக்காதாம். எதிர் வீட்டிலும் அப்படித்தானாம். சாமி அறைக்குப் பக்கத்துச் சுவராம். உலகத்தில் இருக்கிற எல்லோரும் அந்தக் கதவுக்குக் காவல் நின்றதாகத் தெரிந்தது, அவரைத் தவிர.

கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அக்கா சொன்னாங்களாங்க?" என்று கேட்டார்.

புதுச் சேலை கண் முன்னால் வந்தது. "யாரும் சொல்லலீங்க. எனக்கும் அதே உடம்புதானுங்க. நான் இங்க வந்தா எத்தனை தடவை எந்திரிக்கறேன்னு உங்களுக்கே தெரியும். அவங்க ஒருக்காகூட எந்திரிச்சு நான் பார்த்ததில்லை. அப்பறம் எதுக்குங்க தண்ணி குடிப்பாங்க?"

அவர் பேச்சுத் தாள்களை எடுத்தார். சொம்புத் தண்ணீர் பத்தி இருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இன்னைக்கு எனக்குத் தலை வலிக்குதுங்க. நான் கூப்பிடறேன்," என்றார். கதவு வரை வந்து வழியனுப்பினார். அவ்வளவு கோபத்திலும் அந்த மரியாதை தவறவில்லை.

கூப்பிடவில்லை. நாள்கள் போயின. ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அக்கா என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"நான் சொல்ல வேண்டாம்னுதானுங்களே சொன்னேன்?" என்றார். அவருக்கு அதட்டத் தெரியாது, அதனால் எனக்கு இன்னும் வலித்தது. "அம்மணி என்ர மூஞ்சியவே பாக்கறதில்லீங்க. சமைச்சது நல்லாருக்குதுன்னும் சொல்றதில்லை, நல்லால்லைன்னும் சொல்றதில்லை. நேத்து பீரோவத் தொறந்து சேலையெல்லாம் எடுத்து அடுக்கிட்டு இருந்தாங்க."

நல்லதென்று நினைத்து ஒரு குடும்பத்தின் சோற்றில் கை வைத்துவிட்டேனோ என்று பயந்தேன். அக்கா மகளின் படிப்பு நின்றுபோனால் அதற்கு நான்தான் காரணம். வாயில் வார்த்தை வைக்கிற தொழில்காரிக்கு, சொல்லாமல் விடுவது எப்படி என்று மட்டும் யாரும் கற்றுக் கொடுக்கவில்லை.

விழாவுக்குச் சில நாள்கள் இருக்கும்போது போன் வந்தது. போனேன். சொம்பு வந்தது, வாங்கிக் குடித்தேன், இருவரும் உட்கார்ந்தோம். அவர் என்னைப் பார்க்காமல், "அக்கா, சித்தெ இங்க வாங்க," என்று கூப்பிட்டார்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. ஒருதரம் வீட்டம்மாவின் கையைப் பார்த்தார், அதில் சேலை ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார் போலிருந்தது.

வீட்டம்மாவுக்கு வார்த்தை வரவில்லை. ஆயிரம் பேர் முன்னால் மேடையில் பேசப் போகிறவர். "அக்கா, அந்தப் பாத்ரூமு... இனிமேலு... நீங்களும் அதை..." என்று மோவாயால் கதவைக் காட்டினார்.

அக்கா திரும்பிக் கதவைப் பார்த்தார். "கழுவி உடோணுங்களா அம்மணி? காலைல ஊடு கூட்ட வர்ற புள்ள கழுவிட்டுத்தானுங்க போச்சு. பரவால்லீங்க, இன்னொருக்கா கழுவி உட்டர்றேன்." சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

"கழுவறதுக்கில்லீங்க்கா!" வீட்டம்மா எழுந்தே விட்டார். முகம் செக்கச் சிவந்திருந்தது. "போறதுக்குங்க. நீங்க போறதுக்கு. எப்ப வேணுமோ அப்ப. காலைல வர்ற புள்ளைக்கும் சொல்லிட்டனுங்க."

அக்கா செருகிய சேலையைக் கீழே விடக்கூட மறந்து நின்றார். என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். "சரிங்க," என்று சொல்லிவிட்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

நாங்கள் பேச்சை ஒத்திகை பார்த்தோம். சொம்புப் பத்தியை அவரே அடித்திருந்தார். அந்த இடம் காலியாக இருந்தது. வெகுநேரம் கழித்து அக்கா சமையலறை வாசலுக்கு வந்தார், தயங்கினார், சுவரோரமாக நடந்து அந்தப் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

அந்த வீட்டில் அவ்வளவு அமைதி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வீட்டம்மா ரிமோட்டைத் தேடினார். சோபாவின் இடுக்கிலிருந்து எடுத்து டிவியைப் போட்டு, சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். நகைக்கடை விளம்பரம் ஒன்று ஹால் அதிரக் கத்தியது. "அவங்களுக்குக் கூச்சமா இருக்குமல்லங்க," என்றார் என் காதருகே வந்து. அந்த நிமிடத்தில் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. அத்தனை நாள் அவர் சொன்ன எல்லா 'ங்க'வையும்விட இது பெரிய மரியாதையாக எனக்குப் பட்டது.

அடுத்த நிமிடமே, "டீச்சர், அந்தக் காலியா இருக்கற எடத்துல இதைச் சேர்த்துக்கலாமுங்களா?" என்று கேட்டு என் ரத்த அழுத்தத்தை ஏற்றினார். அப்பா சாமி, இந்தம்மாவை என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா வெளியே வர நேரமாயிற்று. வீட்டம்மா இரண்டு தரம் கதவைப் பார்த்தார், உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கவலைப்பட்டார். பிறகு கதவு திறந்தது. அக்கா யாரையும் பார்க்காமல் சமையலறைக்குப் போய்விட்டார். சேலையின் முந்தானை நனைந்து கனத்துத் தொங்கியது.

வீட்டம்மா டிவியை நிறுத்திவிட்டு எழுந்து பாத்ரூமுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே போனார். உடனே வெளியே வந்தார். நின்ற நிலையிலேயே என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

தரை ஒட்டக் காய்ந்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. குழாயைத் துடைத்து, தாழ்ப்பாளைத் துடைத்து, மக்கைக் கவிழ்த்து, எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வைத்திருந்தார். மடித்த துண்டைத் தொட்டிருக்கவே இல்லை. தன் முந்தானையாலேயே தரை முழுக்கத் துடைத்திருக்கிறார், நேரமானது அதற்குத்தான்.

"யாருமே போகாத மாதிரி வெச்சுட்டு வந்திருக்காங்க," என்றார் வீட்டம்மா. அவர் கண் கலங்கியிருந்தது. கப்பலுக்கும் முகாமுக்கும் அழுதபோது வந்த சத்தம் இப்போது வரவில்லை. காலி இடத்தில் எதைச் சேர்ப்பது என்று அதற்குப் பிறகு அவர் என்னைக் கேட்கவில்லை.

சமையலறை வாசலுக்குப் போய் நின்றார். அக்கா அடுப்புப் பக்கம் திரும்பி நின்று எதையோ கிண்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அடுத்த தடவை தரையெல்லாம் தொடைக்காதீங்க. ஈரமாவே உட்டுட்டு வாங்க. நாங்கெல்லாம் அப்படித்தானுங்க உட்டுட்டு வாரோம்."

அக்கா கரண்டியை நிறுத்தினார். திரும்பவில்லை.

"பழகிக்கறேனுங்க," என்றார்.